கடைசியாக வருபவரின் விளையாட்டு



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'டிரையத்லான் வீரர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அச்சகத்துக்காரருக்குப் பெரிய மனசு. நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறவன். விடிவதற்கு முன்னால் நீந்துவேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் மிதிப்பேன், நடுநடுவே ஓடுவேன். போட்டி முடிவுப் பட்டியலில் என் பெயரைக் கீழிருந்து மேலே தேடினால் சீக்கிரம் கிடைக்கும். இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அந்தப் பட்டியலின் கீழ்ப்பாதியைத்தான். இந்த விளையாட்டை உண்டாக்கியவர்கள் அந்தக் கீழ்ப்பாதிக்காரர்கள். இன்றுவரை காசு கொடுத்து நடத்தி வருகிறவர்களும் அவர்களே. இதில் முதலில் வருகிறவர் விருந்தாளி, கடைசியில் வருகிறவர்தான் வீட்டுக்காரர் என்பது என் கட்சி.

விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். முதலில் நீச்சல், கரையேறி ஈர உடம்போடு சைக்கிள், இறங்கிய கையோடு ஓட்டம். நடுவில் கடிகாரம் நிற்காது, ஷூ மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். ஒலிம்பிக் தூரம் 1500 மீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் இதை ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். புதிதாக வருகிறவர்கள் அதில் பாதியில் தொடங்குவார்கள். பெரிய தூரத்துக்கு அயர்ன்மேன் என்று பெயர்: 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும், 180 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும், அதன்பிறகு 42.2 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான், ஓட வேண்டும். கடலில் நீந்திக் கரையேறி, சென்னையிலிருந்து புதுச்சேரிக்கும் அப்பால் சைக்கிளில் போய், அங்கே இறங்கி மாரத்தான் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சரிபாதிக்கு '70.3' என்று பெயர். மூன்று தூரத்தையும் மைலில் கூட்டினால் வரும் எண் அது. நம் நாட்டு அமெச்சூர்கள் பெரும்பாலும் குறிவைப்பது இந்தப் பாதியைத்தான்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது? அமெரிக்காவின் சான் டியேகோ நகரில். அங்கே டேவிட் பெய்ன் என்ற வழக்கறிஞர் தன் பிறந்தநாளுக்கு ஓட்டமும் நீச்சலும் சேர்ந்த ஒரு போட்டி வைப்பது வழக்கம். அதில் கலந்துகொண்ட ஜாக் ஜான்ஸ்டன், இதே மாதிரி நாமும் ஒன்று வைக்கலாமே என்று யோசித்தார். டான் ஷானஹன் என்பவர், சைக்கிளையும் சேர்த்துக்கொள்வோம் என்றார். 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை மாலை, மிஷன் பே என்ற உப்பங்கழிக் கரையில் 46 பேர் கூடினார்கள். வேலை நாள், எல்லோரும் வேலை முடிந்து வந்தவர்கள். அன்று வரிசை தலைகீழ்: ஓட்டம் முதலில், நீச்சல் கடைசியில். பின்னால் வந்தவர்கள் தண்ணீரில் இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. கரையில் கார்களை நிறுத்தி, முன்விளக்கைத் தண்ணீர் மேல் அடித்துத்தான் அவர்களைக் கரைசேர்த்தார்கள். களைத்த உடம்போடு தண்ணீரில் இறங்குவது ஆபத்து என்பதால் பிற்பாடு நீச்சல் முதலிடத்துக்கு வந்தது. முதல் போட்டியிலேயே கடைசி ஆளுக்காகக் கார் விளக்கைப் போட்டுக் காத்திருந்தார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 46 பேரில் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இருந்தார்கள். பின்னர் அவருக்கு ஹவாயின் ஓவாஹு தீவுக்கு மாற்றல். 1977-இல் அங்கே ஒரு தொடர் ஓட்டத்தின் பரிசளிப்பு விழாவில், ஓடுகிறவன் உடம்பு திடமா, நீந்துகிறவன் உடம்பு திடமா என்று வாக்குவாதம். பெல்ஜியத்துச் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ்தான் எல்லோரையும் விடத் திடமானவர் என்று பத்திரிகையில் படித்ததாகக் காலின்ஸ் சொன்னார். வாய்ச்சண்டை தீர ஒரு வழியும் சொன்னார். அந்தத் தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிப்பது. முதலில் முடிக்கிறவனை இரும்பு மனிதன் என்று கூப்பிடுவோம். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் தண்ணீரில் இறங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவர் கோர்டன் ஹாலர். டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். ஏறத்தாழ 11 மணி 47 நிமிடம் ஆயிற்று. அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பார், உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் அவர்கள் பீரைக் கொடுக்க, அதைக் குடித்துத் தள்ளாடிப் பின்தங்கினார் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. போட்டியைத் தொடங்கிய காலின்ஸுக்கு 17 மணி நேரம் பிடித்தது.

அடுத்த வருஷம் வென்ற டாம் வாரன் சான் டியேகோவில் மதுக்கடை நடத்தியவர். அதே போட்டியில் லின் லெமேர் என்ற பெண் ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். அயர்ன்மேன் தூரத்தை முடித்த முதல் பெண் அவர். டாக்சிக்காரர், கடைக்காரர், கடற்படைக்காரர். சம்பளம் வாங்கி விளையாடியவர் ஒருவரும் இல்லை. நம் ஊரில் விளையாட்டு என்றால் ஆடுகிறவர் ஒருவர், வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர் ஆயிரம் பேர் என்று வைத்திருக்கிறோம். இது அந்தக் கணக்கில் வராமல் பிறந்தது.

வளர்ந்த விதமும் அப்படித்தான். பெரிய விளையாட்டுகளில் பார்க்கிறவர் டிக்கெட் வாங்குவார், ஆடுகிறவருக்குச் சம்பளம் போகும். இதில் ஆடுகிறவர் பணம் கட்டுகிறார், பார்க்கிறவருக்கு இலவசம். 2015-இல் சீனாவின் வாண்டா குழுமம் அயர்ன்மேன் நிறுவனத்தை 65 கோடி டாலருக்கு வாங்கியது. ஐந்து வருஷம் கழித்து அதைவிட அதிக விலைக்கு விற்றது. பரிசளிப்பு விழாவில் சவாலாகப் பிறந்த யோசனைக்கு இந்த விலை வந்தது எப்படி? வங்கிக்காரன் என்பதால் வரவுப் பக்கத்தைப் பார்ப்பேன். முக்கியமான வரவு, உலகம் முழுக்க என்னைப் போன்ற கீழ்ப்பாதிக்காரர்கள் கட்டும் பதிவுக் கட்டணம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நல்ல கார்பன் சைக்கிளின் விலை லட்சங்களில் போகிறது, பதிவுக் கட்டணமே பல்லாயிரம் ஆகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இந்த விளையாட்டு இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால், ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் முதல் போட்டிக்குக் கார்பன் சைக்கிள் வேண்டாம். பிரேக் சரியாகப் பிடிக்கிற கியர் சைக்கிளும், தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஹெல்மெட்டும் போதும். அமெச்சூர்கள் செய்யும் செலவில் பாதி, பக்கத்து ஆள் வைத்திருக்கிறாரே என்பதற்காகச் செய்வது.

இனிக் கடைசியாக வருகிறவர்களிடம் வருகிறேன். முழு அயர்ன்மேனுக்குப் பொதுவான கெடு 17 மணி நேரம். நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிக் கெடுவும் உண்டு. ஹவாயில் கோனா என்ற ஊரில் நடக்கும் உலகப் போட்டியில் முதலிடம் பிடிப்பவர் எட்டு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடுவார். மதியமே பரிசு யாருக்கு என்று தெரிந்துவிடும். ஆனால் கூட்டம் சேர்வது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். மதியம் வென்றவர்களும் குளித்து, சாப்பிட்டுவிட்டு மறுபடி எல்லைக்கோட்டுக்கு வந்து நின்று கடைசி மணி நேரத்தில் வருகிறவர்களைக் கைதட்டி வரவேற்கிறார்கள். வென்றவர் தோற்றவருக்காக நள்ளிரவு வரை காத்திருக்கும் வழக்கம் வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது?

1982 பிப்ரவரியில் அங்கே ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி ஓடினார். பட்டப்படிப்பு ஆய்வுக்காகத்தான் கலந்துகொண்டார். பெண்களில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவர், எல்லைக்கோட்டுக்குச் சில கெஜ தூரத்தில் கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். அந்த நேரத்தில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்துபோய் வென்றுவிட்டார். ஜூலி கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்தே போய் 29 வினாடி பின்னால் கோட்டைத் தொட்டார். இதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள். சரித்திரம் அப்படித்தான். ஆனால் ஒரு அமெச்சூராக எனக்கு அந்தப் படத்தின் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தவழ்வதே வீரம் என்று நம் இளைஞர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. கால் மடங்கியது தைரியக் குறைவால் அல்ல. எரிபொருளும் நீரும் தீர்ந்த உடம்பு அது. வேளைக்குச் சாப்பிட்டிருந்தால் தவழ வேண்டியிருக்காது.

எனக்குப் பிடித்தவர் ஜப்பானின் ஹிரோமு இனாடா. ஓய்வு பெற்ற செய்தியாளர். 70 வயதை ஒட்டித்தான் முதல் டிரையத்லானுக்கே வந்தார். 2015-இல் கோனாவில் கெடு முடிந்து சில வினாடிகள் கழித்துக் கோட்டைத் தொட்டார். முடித்தவர் பட்டியலில் பெயர் ஏறவில்லை. மனிதர் விடவில்லை. 2018-இல், 85 வயதில், கெடுவுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் மடோனா பூடர் என்ற கன்னியாஸ்திரி இருக்கிறார். ஒரு பாதிரியார் சொல்லி 48 வயதில் ஓடத் தொடங்கியவர். 2012-இல், 82 வயதில், கனடாவில் அயர்ன்மேன் முடித்தார். போட்டிகளில் ஐந்து ஐந்து வயதாக அமெச்சூர்களைப் பிரிப்பது வழக்கம். அவர் வயதுக்குப் பிரிவே இல்லாததால் அவருக்காகப் புதுப் பிரிவு திறக்க வேண்டியதாயிற்று. இந்த வயதுப் பிரிவால் ஒரு வேடிக்கை: ஐம்பதாவது பிறந்தநாளுக்காக ஏங்கிக் கிடக்கும் மனிதர்களை நான் இந்த விளையாட்டில்தான் பார்த்திருக்கிறேன். 49-இல் பிரிவுக்குக் கிழவர், 50-இல் பிரிவுக்குக் குழந்தை.

பயிற்சியைப் பற்றிக் கேட்பீர்கள். முதலாவது, நேரம். பாதித் தூரத்துக்கே வாரத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது? தூக்கத்திலிருந்து எடுத்தால் உடம்பு கணக்குக் கேட்கும். குடும்பத்திலிருந்து எடுத்தால் வீடு கணக்குக் கேட்கும். அலுவலகத்திலிருந்து எடுத்தால் மேலாளர் கேட்பார். ஆகவே எங்கள் ஆட்கள் முதலில் குறைப்பது தொலைக்காட்சியும் ராத்திரிப் பேச்சும்தான். ஒன்பதரைக்குப் படுக்கிற வீட்டில்தான் நாலரைக்கு அலாரம் அடிக்க முடியும். வீட்டில் பேசி ஒப்புக்கொள்ள வைக்காமல் பயிற்சி அட்டவணையைச் சுவரில் ஒட்டுகிறவர் மூன்று மாதம்கூடத் தாண்ட மாட்டார்.

இரண்டாவது, மெதுவாகப் போகக் கற்றுக்கொள்வது. இதைச் சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. நார்வேயில் வேலை செய்யும் ஸ்டீபன் சைலர் என்ற அமெரிக்க ஆய்வாளர், உலகத்தரமான நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து பார்த்தார். அவர்கள் செய்யும் பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் மிக எளிதான வேகத்தில் நடக்கிறது. பக்கத்தில் ஓடுகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம். நம்மவர்கள் செய்வது நேர்மாறு. கிடைப்பது ஒரு மணி நேரம் என்பதால் தினமும் முக்கால்வாசி உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். வேகமும் கூடாது, ஓய்வும் கிடைக்காது. ஆறாவது வாரம் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பிசியோதெரபிஸ்ட் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கையில் கட்டியிருக்கும் ஜிபிஎஸ் கடிகாரம் இதில் பாதிக் குற்றவாளி. ஓடிய வேகத்தை ஊருக்கெல்லாம் காட்டும் செயலி மீதிக் குற்றவாளி.

சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் ஆள் கிடைப்பார்கள். ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை சிவப்புப் பின்விளக்குகள் வரிசை வரிசையாக மினுக்கிக்கொண்டு போகும். முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். சாலையோர மணலில் டயர் சறுக்கும். அதையெல்லாம் நம் ஆட்கள் சமாளித்துவிடுகிறார்கள். தடுக்கி நிற்பது நீச்சலில். இங்கே இருப்பவர்களில் நீச்சல் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். சரி, இறக்கிக்கொள்ளலாம். தூக்கியவர்களில் பெரும்பாலோருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இது தற்செயல் இல்லை. கிராமங்களில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கிய தலைமுறை அது. ஆழ்துளைக் கிணறு வந்தது, திறந்த கிணறுகள் வற்றின, குப்பை கொட்டும் குழிகளாயின. கிணற்றோடு நீச்சலும் போயிற்று. நகரத்தில் பிறந்தவனுக்கு முதலிலிருந்தே அது இல்லை.

நாற்பது வயதுக்காரர் குளத்தில் நீச்சல் படிக்கிற காட்சியைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். மூன்றரை அடித் தண்ணீர்தான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். மூச்சை இழுத்து நெஞ்சு நிறைய அடக்கிக்கொண்டு முகத்தை முக்குவார், மூன்று எண்ணுவதற்குள் நிமிர்ந்துவிடுவார். பக்கத்துப் பாதையில் எட்டு வயதுக் குழந்தை இவர் மேல் தண்ணீர் தெறிக்க மூன்றாவது முறையாகத் திரும்பிப் போகும். பயிற்சியாளர் இருபத்திரண்டு வயதுப் பையன். "சார், தண்ணியோட சண்டை போடாதீங்க. மூச்சை உள்ளுக்குள்ளயே ஊதி விடுங்க" என்பான். விஷயம் அதில்தான் இருக்கிறது. நுரையீரல் மிதக்கும், கால்கள் கனம். தலையைத் தூக்கினால் கால் தானாகக் கீழே இறங்கும். இறங்கிய காலை இழுத்துக்கொண்டு நீந்துவதற்கு இரண்டு மடங்கு பலம் வேண்டும். தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்க வேண்டும், தண்ணீருக்குள் முகம் இருக்கும்போதே பழைய மூச்சை விட்டுவிட வேண்டும். சொல்ல ஒரு நிமிடம், உடம்புக்குப் புரிய மாதக்கணக்கு. ஆனாலும் முடியாததல்ல. டிக் ஹோய்ட் என்ற அமெரிக்கர், மூளைவாதத்தால் கை கால் இயங்காத தன் மகன் ரிக்கைச் சிறு படகில் படுக்கவைத்துக் கயிற்றால் இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு 1989-இல் கோனாவில் நீந்தி, அயர்ன்மேனை முடித்தார். அந்தத் தகப்பனாருக்கு டிரையத்லானுக்கு வரும்வரை நீச்சலே தெரியாது.

குளத்தில் தேறியவருக்குக் கடல் வேறு பாடம். அடியில் கறுப்புக் கோடு கிடையாது. ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே எடுத்து மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். நீரோட்டம் இழுத்தால், நேராகத்தான் போகிறோம் என்ற நினைப்பிலேயே நூறு மீட்டர் விலகிப் போயிருப்போம். சென்னைக் கரையில் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு என் முதல் யோசனை, மீனவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள் என்பது. வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கே பெயர் வைத்திருப்பவர்கள் அவர்கள். இன்றைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் அன்றைக்கு வேண்டாம். குளிர் நாட்டுக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ரப்பர் போன்ற தடித்த நீச்சல் உடையை அணிந்துகொள்வார்கள். அது குளிரையும் தடுக்கும், கால் தாழாமல் மிதக்கவும் வைக்கும். தண்ணீரின் சூடு 24.5 டிகிரிக்கு மேல் போனால் பரிசுக்குப் போட்டியிடும் அமெச்சூர்கள் அதை அணியக் கூடாது என்பது அயர்ன்மேன் விதி. நம் கடல் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே நமக்குச் சொந்த உடம்புதான் மிதவை.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதயம் திடீரென நின்ற சம்பவங்களையும் தொகுத்து மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். மொத்தம் 135. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நீச்சலின்போது நேர்ந்தவை. பெரும்பாலோர் நடுத்தர வயது ஆண்கள். கூட்டத்தின் நெருக்கடி, பதற்றம், மூச்சு முட்டுவது எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே பழுதான இதயத்தை அங்கே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. நாற்பதைத் தாண்டியவர்கள் ஷூ வாங்கும் முன் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நான் ஃபிட்டாகத்தான் இருக்கிறேன் என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கொள்வது பரிசோதனை ஆகாது.

போட்டி நாள் விடியலில் சைக்கிள் நிறுத்தும் இடத்தைப் பார்த்தால் இந்த ஆட்களின் சுபாவம் தெரியும். கைப்பிடியின் மேல் ஹெல்மெட் மல்லாந்து கிடக்கும், வார் இரண்டு பக்கமும் விரித்துவைத்திருக்கும். காலுறைக்குள் பவுடர் தூவி, பாதி சுருட்டி ஷூவுக்குள் செருகியிருப்பார்கள். ஹெல்மெட் வாரை மாட்டி இறுக்காமல் வண்டியைக் கம்பியிலிருந்து எடுத்தால் தண்டனை. முன்னால் போகிறவரின் முதுகில் ஒட்டிக் காற்று மறைவில் மிதிப்பது அமெச்சூருக்குக் குற்றம். அயர்ன்மேனில் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். மனைவி பாசமாக வழியில் நின்று மோர் நீட்டினாலும் வாங்கக் கூடாது. வெளியார் உதவி என்று எழுதிவிடுவார்கள். சைக்கிளிலிருந்து இறங்கியதும் முதல் இரண்டு கிலோமீட்டர் கால் உங்கள் பேச்சைக் கேட்காது. அதற்காகவே பயிற்சியில் மிதித்த உடனே ஓடிப் பழகுகிறோம்.

சாப்பாடு தனிக் கலை. உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2000 கலோரி. சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது வண்டியின் மேலேயே உள்ளே போக வேண்டும். கடையில் விற்கும் ஜெல் பொட்டலம் சுருக்கமான வழி. வாழைப்பழம், பேரீச்சை, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு என்று சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கடலை மிட்டாய் வீட்டில் ருசி, வெயிலில் வாய் உலர்ந்திருக்கும்போது பல்லில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். இன்னொன்று: நம் வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வந்து ஆளையே கொல்லலாம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்போடு குடியுங்கள்.

இந்தியாவில் இந்த விளையாட்டை ஊரறியச் செய்தது 2015-இல் நடிகர் மிலிந்த் சோமன் சூரிச்சில் அயர்ன்மேன் முடித்தது. வயது 49, நேரம் 15 மணி 19 நிமிடம். ஆனால் அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே ஒரு பெண் அதைவிடப் பெரியதைச் செய்துவிட்டார். அனு வைத்தியநாதன், பொறியியல் படித்து நியூசிலாந்தில் முனைவர் பட்டம் பெற்றவர், காப்புரிமை ஆலோசனை நிறுவனம் நடத்தியவர். 2009-இல் கனடாவில் அல்ட்ராமேன் என்ற மூன்று நாள் போட்டியை முடித்தார்: 10 கிலோமீட்டர் நீச்சல், சுமார் 420 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம். நடிகரின் செய்தி எல்லா நாளிதழிலும் வந்தது. அனுவின் பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. 2019 அக்டோபரில் கோவாவின் மிராமர் கடற்கரையில் 70.3 போட்டி வந்தது. மணிப்பூரைச் சேர்ந்த ராணுவ வீரர் பிஷ்வர்ஜித் சாய்கோம் வென்றார். அதன்பிறகு வெளிநாட்டுக்குப் பயணச்சீட்டு எடுக்காமலேயே நம் ஆட்கள் இதைத் தொட முடிகிறது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பேச்சு பாதிதான். எங்கள் குழுவில் ஒரு பள்ளி ஆசிரியை இருக்கிறார். விடியலில் நாங்கள் எழுந்து ஷூவைத் தேடும்போது அவர் சாம்பாரை இறக்கி, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி வைத்துவிட்டு வந்திருப்பார். சைக்கிளும் ஓட்டமும் எங்களில் பலரைவிட நன்றாகச் செய்வார். நீச்சல் தெரியாததால் இதுவரை ஒரு டிரையத்லானும் செய்யவில்லை. அவர் வீட்டுக்கு அருகே உள்ள குளத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் மதியம் இரண்டிலிருந்து மூன்று. அந்த நேரத்தில் அவர் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பார். வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கு மதியம் இரண்டு மணிக்கு நீந்த நேரம் இருக்கும் என்று அந்த அட்டவணை போட்டவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அவருக்குத் தடை உடம்பும் அல்ல, பணமும் அல்ல, ஒரு கரும்பலகையில் எழுதிய நேரம். 1979-லேயே லின் லெமேர் ஆண்களோடு இறங்கி ஐந்தாவதாக வந்த விளையாட்டு இது.

அதற்காகத்தான் இன்றைக்கு இந்த மேடையை நான் கேட்டு வாங்கினேன். நம் பகுதிக் குளத்தில் காலை ஐந்தரை முதல் ஆறரை வரையிலும் மாலை ஏழு முதல் எட்டு வரையிலும் பெண்களுக்குத் தனி வகுப்பு வேண்டும், பெண் பயிற்சியாளர் வேண்டும், நாற்பது வயதுக்கு மேற்பட்ட கற்றுக்குட்டிகளுக்கு ஆழமில்லாத பக்கத்தில் ஒரு பாதையை ஒதுக்க வேண்டும், உயிர்காப்பாளர் இல்லாமல் குளத்தைத் திறக்கக் கூடாது என்று மாநகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வெளியே போகும் வழியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள், ஆணையரைப் பார்க்கப் போகும் நாளைச் சொல்லி அழைக்கிறோம்.